கண்ணுக்குள் கேஸ் வைத்தவரிடம் வீடு மலையிலா என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 31 ஆண்டுகள் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பெரும்பகுதி சேலம் – ஏற்காடு தடம்தான். வீடு நாகலூர் பக்கம். ஒன்றரை ஏக்கர் காப்பி, ஊடே கொஞ்சம் மிளகு. இதுவரை எந்தப் பத்திரிகைக்கும் கடிதம் எழுதியதில்லை. போன தை மாதம் தொடங்கி, ஆபரேஷனில் கண்ணுக்குள் கேஸ் (வாயு) வைத்துக்கொண்டு மலை ஏறப் போய் என் வலது கண்ணுக்கு நேர்ந்ததை எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை. மலையில் குடியிருப்பவர்களுக்கும், அவர்களுக்குக் கீழே வைத்தியம் பார்ப்பவர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும். (எங்களுக்குக் ‘கீழே’ என்றால் சேலம்.)

களத்தில் காயப்போட்ட காப்பிப் பழத்தைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தேன். பழத்துக்கு நடுவே கறுப்பாக நாலைந்து பொடி தெரிந்தது. பொறுக்கப் போனால், கை போகிற இடத்தைவிட்டு அது தள்ளிப் போனது. கொசு என்று நினைத்து விரட்டினேன். முகம் கழுவினேன். போகவில்லை. அன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு வலது கண்ணின் ஓரத்தில் பளிச் பளிச்சென்று மின்னியது. தோட்டத்தில் யாரோ டார்ச் அடிக்கிறார்கள் என்று எழுந்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை. அந்த வலி இல்லாததுதான் என்னை ஏமாற்றிவிட்டது. மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி நாலு நாள் விட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் மூக்குப் பக்கம், கீழேயிருந்து ஒரு நிழல் ஏறி நின்றது. மழை நாளில் பஸ்ஸின் முன்கண்ணாடியில் வைப்பர் எட்டாத மூலை ஒன்று இருக்குமே, அப்படி. மத்தியானத்துக்குள் அந்த மூலை இன்னும் பெரிதானது.

அன்று மாலையே கீழே வந்து ஒரு கண் மருத்துவமனையில் காட்டினோம். டாக்டரம்மா தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, இன்னொரு கையால் சின்னக் கம்பியால் இமைமேல் அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். “ரெட்டினா விட்டுப்போச்சுங்க. இன்னும் நடுப்பகுதி விடல. நாளைக்கே ஆபரேஷன் பண்ணிரலாம்” என்றார்கள். ரெட்டினா என்றால் கண்ணின் பின்சுவரில் படிந்திருக்கும் விழித்திரை. நேராகப் பார்க்கவும், எழுத்துப் படிக்கவும், ஆள் முகம் தெரியவும் அதன் நடுப்பகுதிதான் வேண்டும். அது ஒட்டிக்கொண்டிருக்கும்போதே ஆபரேஷன் செய்தால் பார்வை பெரும்பாலும் பழையபடி நிற்கும். அதுவும் விட்டுவிட்டால் பிறகு ஒட்டவைத்தாலும் முன்னைப்போல வருவது கஷ்டம். எனக்கு ஒருநாள், இரண்டு நாள் கணக்குதான் மிச்சம் இருந்திருக்கிறது.

விழித்திரை எப்படிக் கழன்றது என்பதை அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன். கண்ணுக்குள் முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு ஜெல்லி நிறைந்திருக்கிறது. வயதானால் அது தளர்ந்து சுருங்கி, பின்சுவரைவிட்டுப் பிரியும். எல்லோருக்கும் நடப்பதுதான். சிலருக்குப் பிரியும்போது விழித்திரையைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிடும். பூச்சி பறப்பதும் மின்னல் அடிப்பதும் அந்த நேரத்தில்தான். கிழிசல் வழியாக நீர் பின்பக்கம் இறங்கினால், ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உப்பிக் கழன்று வருவதுபோல விழித்திரை கழன்று வருகிறது. மைனஸ் பவர் அதிகமுள்ளவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்தவர்கள், புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல். நான் 2 ஆண்டுக்கு முன்பு புரை எடுத்து லென்ஸ் வைத்துக்கொண்டவன். பூச்சி தெரிந்த முதல் நாளே வந்திருந்தால், கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, உட்கார்ந்த இடத்திலேயே சில நிமிடத்தில் அடைத்து அனுப்பியிருப்பார்களாம். அந்த நாலு நாளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

ஆபரேஷனில் வகைகள் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒன்று, கண்ணுக்கு வெளியே சிலிக்கான் பட்டை வைத்துத் தைப்பது. வெள்ளை விழிமேல் பட்டையைச் சுற்றி இறுக்கினால் சுவர் உள்பக்கம் அழுந்தி, கழன்ற விழித்திரைக்குக் கிட்டே வந்துவிடும். கிழிசல் இருக்கும் இடத்தைக் குளிரூட்டி உறையவைத்து ஒட்டவைப்பார்கள். பட்டை ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கும், வெளியே தெரியாது. கண் கொஞ்சம் நீண்டுபோவதால் கண்ணாடி பவர் மாறும், அவ்வளவுதான். சின்ன வயசுக்காரர்களுக்கும், சொந்த லென்ஸ் இருப்பவர்களுக்கும் இது நல்ல வழி. இதில் பெரும்பாலும் கண்ணுக்குள் கேஸ் வைக்கத் தேவைப்படாது என்பதை மலைக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிழிசல் சின்னதாக, கண்ணின் மேல்பாதியில் இருந்தால் ஊசியால் கொஞ்சம் கேஸ் மட்டும் ஏற்றி, தலையைக் குறிப்பிட்ட பக்கம் சாய்த்துவைக்கச் சொல்வது இன்னொரு முறை. மூன்றாவதுதான் எனக்குச் செய்தது. விட்ரெக்டமி என்கிறார்கள். வெள்ளை விழியில் மூன்று நுண்ணிய துளை. ஒன்றில் விளக்கு, ஒன்றில் ஜெல்லியை வெட்டி உறிஞ்சும் கருவி, ஒன்றில் உள்ளே நீர் போகும் குழாய். ஜெல்லியை எடுத்துவிட்டு, விழித்திரையைப் படியவைத்து, கிழிசலைச் சுற்றி லேசர் சுட்டு, கடைசியில் கண்ணை நிரப்ப எதையாவது வைக்க வேண்டும். லேசர் வடு இறுகும்வரை அது விழித்திரையை உள்ளிருந்து அழுத்திப் பிடித்திருக்கும். வைப்பது கேஸ் அல்லது சிலிக்கான் எண்ணெய். கேஸ் தானாகவே கரைந்துவிடும். எண்ணெய் கரையாது, சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும்.

மரத்துப்போகும் ஊசி மட்டும்தான் போட்டார்கள். விழித்துக்கொண்டே படுத்திருந்தேன். கண்ணுக்குள் விளக்கு இங்கும் அங்கும் நகர்வதும், கண்ணாடித் துகள் மாதிரி ஏதோ மிதந்துபோய் ஒரு குழாய் வாயில் மறைவதும் எனக்கே தெரிந்தது. மெஷின் டிக்டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. மேலே ஒரு கிழிசல், கீழே ஒரு சின்ன ஓட்டை என்பதால் நீண்ட நாள் நிற்கும் கேஸ் வைத்ததாகச் சொன்னார்கள். சி3எஃப்8 என்று சீட்டில் இருந்தது. 6 வாரத்திலிருந்து 8 வாரம் நிற்கும். எஸ்.எஃப்.6 என்று இன்னொன்று இருக்கிறது, சுமார் 2 வாரத்தில் போய்விடும். மின்வாரியத்தில் இருக்கும் என் அக்கா மகன் அந்தப் பெயரைக் கேட்டதும் அசந்துவிட்டான். சப்ஸ்டேஷன் பிரேக்கரில் அடைக்கிற அதே கேஸாம்.

வைத்தியத்தில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அந்த அம்மாவின் கைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். என் ஆதங்கம் வேறு. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் சொட்டு மருந்து எத்தனை வேளை, தலைக்குக் குளிக்கலாமா, எத்தனை நாள் குப்புறப் படுக்க வேண்டும் என்று எல்லாம் இருந்தது. ‘விமானப் பயணம் தவிர்க்கவும்’ என்றும் இருந்தது. விமானத்தில் நான் ஏறியதே இல்லை, அந்த வரி எனக்கில்லை என்று விட்டுவிட்டேன். மேலே முகவரியில் ‘நாகலூர், ஏற்காடு’ என்று அவர்களே தட்டச்சு செய்திருக்கிறார்கள். அந்த முகவரியையும் இந்த வரியையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள், மாப்பிள்ளை காரில் மேலே கிளம்பினோம். கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை ஒன்றும் இல்லை. நாலாவது கொண்டை ஊசி வளைவு தாண்டும்போது கண்ணை உள்ளிருந்து யாரோ கட்டைவிரலால் தள்ளுகிற மாதிரி இருந்தது. ஏழாவதில் வலி புருவத்துக்கு ஏறியது. மகள் “அப்பா, வளைவுல தலை சுத்துதாட்டம் இருக்குது, கண்ணை மூடிக்குங்க” என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தாள். ஒன்பதாவது வளைவில் குமட்டியது. கண் கட்டை லேசாக விலக்கிப் பார்த்தேன். அதுவரை கலங்கலாகவாவது தெரிந்த வெளிச்சம் மங்கி, இருட்டிக்கொண்டு வந்தது. 20 வளைவையும் ஒருநாளைக்கு நாலு தடவை, நின்றுகொண்டே டிக்கெட் கிழித்து ஏறி இறங்கியவன் நான். ஒருநாளும் எனக்கு இந்தப் பாதையில் தலை சுற்றியதில்லை. அதனால்தான் இது வளைவினால் வந்தது இல்லை என்று சட்டென்று பிடிபட்டது. “மாப்பிள்ளை, வண்டியைத் திருப்புங்க” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் பேசாமல் திருப்பினார். ஒவ்வொரு வளைவாக இறங்க இறங்க அந்த அழுத்தம் விட்டுக்கொண்டே வந்தது. அடிவாரம் செக்போஸ்ட் வரும்போது வலி பாதி. கோரிமேட்டில் வெளிச்சம் திரும்பிவிட்டது.

மருத்துவமனையில் அளந்தபோது கண்ணழுத்தம் இறங்கியிருந்தது. கீழே இறங்கியதுதான் மருந்து என்றார் டாக்டரம்மா. அவர்கள் முகம் வெளுத்துப்போயிருந்தது. மேலே போய்ச் சேர்ந்து, இரவு மாத்திரை போட்டுப் படுத்திருந்தால், கண்ணுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அந்த அழுத்தத்தில் அடைத்து, விடியும்போது பார்வை மொத்தமும் போயிருக்கலாம்.

காரணம் எங்கள் ஊரில் கடை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சேலத்தில் வாங்கும் சிப்ஸ் பாக்கெட்டை ஏற்காடு கொண்டுவந்தால் வெடிக்கிற மாதிரி உப்பி நிற்கும். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்று பெருகுகிறது. சேலம் கடல்மட்டத்திலிருந்து 900 அடி சொச்சம், ஏற்காடு 5000 அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மணி நேரத்தில் 4000 அடி ஏறுகிறோம். அடைபட்ட கேஸ் அதற்குள் ஆறில் ஒரு பங்கு பெருகிவிடும். பாக்கெட் உப்பும். கண் உப்பாது, அதன் சுவர் கெட்டி. உள்ளே மொத்த இடமே 4 மில்லி. அதில் அரை மில்லிக்கு மேல் கூடினால் எங்கே போகும்? விமானத்துக்குள்ளேயும் 6000 முதல் 8000 அடி மலையில் இருக்கும் அளவுக்குத்தான் காற்றழுத்தம் வைக்கிறார்களாம். ‘விமானம் கூடாது’ என்று அச்சடித்தவர்கள் ‘ஏற்காடு கூடாது’ என்றும் அச்சடித்திருக்க வேண்டும். சேலத்துக்காரர்கள் காலையில் ரயிலேறிப் போய்வரும் பெங்களூருவே 3000 அடி என்பதையும் யாரும் நினைப்பதில்லை.

அப்புறம் அம்மாபேட்டையில் அக்கா மகள் வீட்டில் தங்கினேன். நாள் முழுக்கக் குப்புற. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் தலையணை வைத்து நெற்றியைச் சாய்த்துக்கொண்டு சாப்பாடுகூட அப்படியே. கேஸ் மேல்நோக்கித்தான் மிதக்கும். முகம் தரையைப் பார்த்தால்தான் அது பின்சுவரில் போய் அழுத்தும். கல்லூரியில் படிக்கும் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து இந்த வைத்தியத்தின் கதையை வாசித்துக் காட்டினாள். 100 ஆண்டுக்கும் முன்பு இந்த நோய் வந்தால் கண் போனது போனதுதான். கிழிசல்தான் காரணம், அதை அடைத்தால் திரை ஒட்டும் என்று 1920-களில் நிரூபித்தவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஜூல் கோனின். தலையில் மாட்டி இரு கண்ணாலும் பார்க்கும் அந்த விளக்கைச் செய்தவர் பெல்ஜியத்தில் பிறந்த சார்லஸ் ஷெப்பன்ஸ். இரண்டாம் உலகப்போரில் மலையடிவாரத்தில் மரம் அறுக்கும் மில் நடத்துவதுபோல இருந்து, ஜெர்மானியரிடம் சிக்காமல் ஆட்களை எல்லை தாண்டி அனுப்பியவராம். அவரிடம் பாஸ்டனில் பயிற்சி பெற்றவர்தான் 1978-ல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கிய டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத். பட்டை வைப்பது 1950 வாக்கில் வந்தது. ஜெல்லியை வெட்டி எடுக்கும் கருவியை ராபர்ட் மகெமர் முதலில் முட்டை வெள்ளைக்கருவில் ஓட்டிப் பார்த்துவிட்டு, 1970 வாக்கில் மனிதக் கண்ணுக்குக் கொண்டுவந்திருக்கிறார். இத்தனை பேர் இத்தனை காலம் உழைத்துக் காப்பாற்றிக் கொடுத்த கண்ணை நான் ஒன்பதாவது வளைவில் தொலைக்கப் பார்த்தேனே என்று தலையணையில் முகம் புதைத்தபடியே அழுதேன்.

மூன்று வாரம் கழித்து பார்வையின் மேல்விளிம்பில் ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே தண்ணீருக்குள் பார்ப்பதுபோலக் கலக்கம். தலையைச் சாய்த்தாலும் கோடு மட்டமாகவே நிற்கும், கொத்தனார் வைக்கும் ரசமட்டம் மாதிரி. கேஸ் கண்ணின் மேல்பக்கம்தான் மிதக்கிறது, கண்ணுக்குள் உருவம் தலைகீழாக விழுவதால் நமக்குக் கீழே தெரிகிறது. நாளாக ஆகக் கோடு கீழே இறங்கியது. கடைசியில் பட்டாணி அளவு ஒரு குமிழ், நடந்தால் குலுங்கும், வேகமாகத் திரும்பினால் இரண்டாகப் பிரிந்து சேரும். 53-ஆம் நாள் காலையில் அதுவும் இல்லை. டாக்டரம்மா பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பஸ் ஏறினேன். மிளகுப் பறிப்பில் பாதி எனக்கு இல்லாமல்போனது.

அக்கா மகள் வீடு இருந்தது, தங்கினேன். வெள்ளக்கடை, கருமந்துறை மாதிரி மலை ஊர்களிலிருந்து கூலி வேலையை விட்டுவிட்டு வருபவர் 2 மாதம் சேலத்தில் எங்கே தங்குவார்? 70 வளைவு ஏறும் கொல்லிமலைக்காரர்? இதைத்தான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர்கள் மழுப்பாமல் சொன்னார்கள்: “வீடு மலைமேலன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட எண்ணெய் பத்திப் பேசியிருப்பேன். எண்ணெய் பெருகாது, மறுநாளே மேல போகலாம். ஆனா இன்னொரு ஆபரேஷன் வரணும். இல்லாட்டி, கரையுறவரைக்கும் கீழ இருக்க முடியுமான்னு கேட்டுட்டுத்தான் கேஸ் வெச்சிருப்பேன்.” எல்லோருக்கும் எண்ணெய் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கண்ணுக்கு எது பொருந்தும் என்பது மருத்துவர் முடிவு. ஆனால் வீடு எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதையும் அந்த முடிவில் சேர்க்க வேண்டும். மலைகள் சூழ்ந்த சேலத்தில் கண் வைத்தியம் செய்பவர்கள் இந்தக் கேள்வியை ஓ.பி. சீட்டிலேயே அச்சடித்துவிடலாம். கேஸ் வைத்தவர்கள் கையில் ஒரு பட்டை கட்டி அனுப்பும் வழக்கம் சில நாடுகளில் இருக்கிறது. இங்கேயும் செய்யலாம். அது பல் ஆஸ்பத்திரிக்கும் உதவும். நைட்ரஸ் ஆக்சைடு கலந்த மயக்க மருந்து கொடுத்தாலும் இந்தக் கேஸ் கண்ணுக்குள் பெருகிவிடுமாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன்பு, செம்மநத்தம் போகிற ஓர் ஆயா, ஒரு கண்ணில் பச்சைத்துணிக் கட்டோடு என் பஸ்ஸில் ஏறினார்கள். பாதி மலையில் கட்டைப் பிடித்துக்கொண்டு, “கண்ணு தெறிக்குது சாமி” என்று அழுதார்கள். நான் அவர்களை ஜன்னலோரம் மாற்றி உட்காரவைத்து, பிளாஸ்டிக் பையும் எலுமிச்சம்பழமும் கொடுத்தேன். “கொஞ்ச நேரந்தான் ஆயா, மேல போனா சரியாயிரும்” என்று தைரியம் சொன்னேன். அந்த வார்த்தை இப்போது தூக்கத்தில்கூட என் காதில் விழுகிறது. அன்று நான் பஸ்ஸை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

அதனால் இந்தத் தடத்திலும், குப்பனூர் வழியிலும் வேலை பார்க்கும் என் நடத்துநர், ஓட்டுநர் தம்பிகளுக்கு இதை எழுதுகிறேன். கண்ணில் கட்டோடு யார் ஏறினாலும், டிக்கெட் கிழிப்பதற்கு முன்னால் “கண்ணுக்குள்ள கேஸ் வெச்சிருக்காங்களா?” என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் சீட்டை வாங்கிப் பாருங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொல்லுங்கள். வழியில் கண் வலிக்கிறது, இருட்டுகிறது என்றால் மேலே கொண்டுபோகாதீர்கள். கீழே இறங்கும் அடுத்த வண்டியில் ஏற்றிவிடுங்கள். அடிவாரம் செக்போஸ்ட்டில் ஒரு தகரப் பலகை வைக்க அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். பெயின்ட் செலவு என்னுடையது. வாசகம் இது: ‘கண்ணுக்குள் கேஸ் வைத்து ஆபரேஷன் செய்தவர்கள், மருத்துவர் அனுமதி இல்லாமல் இந்த இடத்துக்கு மேல் போக வேண்டாம்.’

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
நாகலூர், ஏற்காடு.